பழமும் கொட்டைப் பருப்பும் சேர்ந்த புளிப்புச் சிக்கன் சாலட்: நீர் விடாமல் செய்ய முழுமையான வழிகாட்டி

சிக்கன் சாலட் கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். வேகவைத்த கறியில் ஒட்டியிருக்கும் தண்ணீர், தயிரிலிருந்து பிரியும் தண்ணீர், உப்புப் பட்டதும் பழம் விடுகிற தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்தால், கலந்த அரை மணி நேரத்திலேயே கிண்ணத்தின் அடியில் வெளிறிய நீர் தேங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு உப்பும் எலுமிச்சையும் சேர்த்தாலும் கறி சப்பென்றே இருக்கும். ஆசையாக வறுத்த பாதாமும் நமுத்துப்போகும். ஆகவே கீழே வருகிற ஒவ்வொரு படியும் சுவையைக் கூட்டுவதற்கு எவ்வளவு உதவுகிறதோ, அதே அளவுக்கு ஈரத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கும் உதவுகிறது. சில படிகள் அவசியமில்லாதவைபோலத் தோன்றும். அவற்றைத் தாண்டிவிட வேண்டாம்.

பழமும் கொட்டையும் கலந்த சாலட் என்றாலே நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் 1896-இல் பிறந்த வால்டார்ஃப் சாலட்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதில் முதலில் இருந்தவை ஆப்பிள், செலரி, மயோனைஸ் மட்டுமே. வால்நட் பின்னால் வந்து சேர்ந்தது. இங்கே சொல்லப்போவது அந்த வழியில் வந்ததுதான். ஆனால் மயோனைஸுக்குப் பதில் வடிகட்டிய தயிர், செலரிக்குப் பதில் நூக்கல், வால்நட்டோடு அல்லது வால்நட்டுக்குப் பதில் வேர்க்கடலை என்று நம் ஊர்க் காய்கறிக் கடையில் கிடைப்பதைக் கொண்டு செய்வது.

மயோனைஸை விடுவதற்கு இரண்டு காரணங்கள். 100 கிராம் மயோனைஸில் சுமார் 700 கலோரி இருக்கிறது. அதே அளவு வடிதயிரில் 100 முதல் 120 வரைதான். இன்னொன்று பாதுகாப்பு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸில் சால்மொனெல்லா கிருமி வளரும் ஆபத்து உண்டு. அதனால்தான் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. வீட்டில் செய்தாலும் அந்த ஆபத்து குறைவதில்லை. வடிதயிரில் அந்தக் கவலை கிடையாது. அதோடு, இந்தச் சாலட்டுக்கு வேண்டிய புளிப்பில் பாதியை அது தானாகவே கொண்டுவந்துவிடும்.

தேவையான பொருள்கள் (4 பேருக்கு)

கறிக்கு:
எலும்பும் தோலும் இல்லாத கோழி நெஞ்சுப் பகுதி – 500 கிராம்
தண்ணீர் – சுமார் 1.25 லிட்டர்
உப்பு – 2 தேக்கரண்டி
நசுக்கிய இஞ்சி – ஒரு அங்குலத் துண்டு
மிளகு – 10
பிரியாணி இலை – 1
கொத்தமல்லித் தண்டு – ஒரு கைப்பிடி

டிரெஸ்ஸிங்குக்கு (கறியிலும் பழத்திலும் புரட்டும் தயிர்க் கலவை):
கெட்டியான முழுக்கொழுப்புத் தயிர் – 400 கிராம் (வடித்த பின் சுமார் 200 கிராம்)
எலுமிச்சைச் சாறு – ஒன்றரை மேசைக்கரண்டி
எலுமிச்சைத் தோல் துருவல் – அரைத் தேக்கரண்டி
கடுகுப் பொடி – அரைத் தேக்கரண்டி
பூண்டு – பாதிப் பல்
தேன் – ஒன்றரைத் தேக்கரண்டி
கடலை எண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
உப்பு – முக்கால் தேக்கரண்டி
மிளகுத் தூள் – அரைத் தேக்கரண்டி
வறுத்துப் பொடித்த சீரகம் – கால் தேக்கரண்டி

பழம், காய், கொட்டை:
பச்சை ஆப்பிள் – 1 (சுமார் 150 கிராம்)
விதையில்லாத் திராட்சை – 100 கிராம்
மாதுளை முத்து – 50 கிராம்
நூக்கல் – சிறியது பாதி
பொடியாக நறுக்கிய வெங்காயம் – 2 மேசைக்கரண்டி
பாதாம் – 30 கிராம்
வேர்க்கடலை – 30 கிராம்
புதினாவும் கொத்தமல்லியும் – நறுக்கியது 3 மேசைக்கரண்டி

தேக்கரண்டி என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. எல்லாம் தலைதட்டி அளக்க வேண்டும். கல்லுப்பு என்றால் பொடித்து அளக்கவும். பொடிக்காத கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்பதால் அளவு குறைந்துவிடும்.

முதல் வேலை தயிர்

சாலட் மதியத்துக்கு என்றால் காலையிலேயே தயிரைக் கட்டிவிடுங்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, வடிகட்டியின் மேல் விரித்து, தயிரை ஊற்றி, முனைகளைச் சேர்த்துக் கட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, அப்படியே ஃபிரிட்ஜில் 3 முதல் 4 மணி நேரம் வையுங்கள். குழாயில் தொங்கவிடுவது பழைய வழக்கம்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் வெளியே தொங்கும் தயிர் வடிந்துகொண்டே புளித்துக்கொண்டும் இருக்கும். கடைசியில் கிடைப்பது எவ்வளவு புளிப்பு என்று நம் கையில் இருக்காது.

கரண்டியால் அள்ளினால் குவிந்து நிற்க வேண்டும், கவிழ்த்தால் மெதுவாக நழுவ வேண்டும். அதுதான் பதம். பனீர் மாதிரி இறுகிவிட்டால் வடிந்த நீரிலேயே இரண்டு தேக்கரண்டி திரும்பச் சேர்த்து அடித்துக்கொள்ளலாம். மீதி நீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்துக்கோ ஆகும்.

முதல் நாள் இரவு உறை ஊற்றி, காலையில் ஃபிரிட்ஜில் வைத்த தயிர் இதற்கு மிகப் பொருத்தம். மூன்று நாள் பழைய தயிர் வேண்டாம். அதன் புளிப்பில் கூர்மை இருக்கும், வாசனை இருக்காது.

கறியை வேகவைப்பது

இந்தச் சாலட்டுக்குப் பிராய்லர் கோழிதான் சரி. நாட்டுக்கோழி குழம்புக்கு எத்தனை உயர்வோ, ஆறவைத்துச் சாப்பிடும் சாலட்டுக்கு அத்தனை கடினம். அதன் நார் குளிர்ந்ததும் இன்னும் இறுகும்.

கோழியைக் குழாயடியில் காட்டிக் கழுவுவது நம் வழக்கம். ஆனால் அப்போது தெறிக்கிற துளிகள்தான் கிருமிகளைத் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் கீரை, பழம் வரைக்கும் கொண்டுபோகின்றன. குழம்பு என்றால் எல்லாம் கொதித்துவிடும். சாலட்டில் பழமும் இலையும் பச்சையாகவே தட்டுக்குப் போகின்றன. கழுவாமல் வேகவைத்தால் கிருமிகள் வெந்து அழிந்துவிடும். கடையிலிருந்து வந்த கறி ரத்தக்கறையோடு இருக்கிறது, கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதில் முக்கி எடுங்கள். பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பழம் நறுக்கும் பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும்.

நெஞ்சுப் பகுதி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அப்படியே போட்டால் தடித்த பக்கம் வேகும் முன் மெலிந்த பக்கம் வறண்டுவிடும். பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, பூரிக் கட்டையால் தடித்த பக்கத்தை மட்டும் தட்டி, முழுவதும் ஒன்றரை முதல் 2 செ.மீ. தடிமன் வருமாறு செய்துகொள்ளுங்கள்.

குக்கர் வேண்டாம். குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் போகும். கொழுப்பே இல்லாத நெஞ்சுக் கறிக்கு அது கொடுமை. கறி சூடேற ஏற அதன் நார்கள் இறுகித் தம்மிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். கிருமிகள் நிச்சயமாக அழிய நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். ஆக நமக்கு வேண்டியது 74-ஐத் தொட்டு அதற்கு மேல் அதிகம் போகாத சூடு. இரண்டு விசில் விட்டால் அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விடும்.

அகலமான பாத்திரத்தில் கறியை ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, கறிக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்குமளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, உப்பு, இஞ்சி, மிளகு, பிரியாணி இலை, கொத்தமல்லித் தண்டு எல்லாம் போட்டு மிதமான தீயில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கறியைப் போட்டால் வெளிப்புறம் உடனே இறுகி, உள்ளே வேகுமுன் நாராகிவிடும். தண்ணீரும் கறியும் சேர்ந்து சூடாக வேண்டும். கவிச்சி வாடை போக இஞ்சியும் மிளகும் போதும். மஞ்சள் தூள் போட்டால் தயிர் டிரெஸ்ஸிங்கும் மஞ்சளாகும். அது பரவாயில்லை என்பவர்கள் ஒரு சிட்டிகை போடலாம்.

மேலே நுரை கட்டினால் எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் ஒன்றிரண்டாக எழும்பும்போது, அதாவது தண்ணீர் 80 டிகிரி அளவில் இருக்கும்போது, தீயைச் சிறிதாக்கி 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவே விடக் கூடாது. பிறகு அடுப்பை அணைத்து, மூடி, இன்னும் 8 நிமிடம். தெர்மாமீட்டர் இருந்தால் தடித்த இடத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் கீறிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பு எங்கும் இல்லை, வழியும் சாறு தெளிவாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மீண்டும் சிறுதீயில் 2, 3 நிமிடம் வைக்கலாம். கொஞ்சம் வறண்ட கறியைச் சரிசெய்ய வழி உண்டு, வேகாத கறிக்கு வழியே இல்லை.

வெந்த கறியைத் தட்டில் எடுத்து 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடும். அதன் பிறகு சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நார் போகும் திசைக்குக் குறுக்காக வெட்டி, ஒன்றரை செ.மீ. சதுரங்களாக்குங்கள். நாரின் திசையிலேயே வெட்டினால் மெல்லும்போது பல்லில் இழுபடும். கையால் பிய்த்துப் போடுவதும் உண்டு. பிய்த்த கறி டிரெஸ்ஸிங்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சப்பாத்திக்குள் சுருட்டித் தர அதுவே வசதி. ஆனால் ஆப்பிளும் திராட்சையும் துண்டு துண்டாக இருக்கும்போது கறியும் அதே அளவுத் துண்டாக இருந்தால்தான் ஒவ்வொரு வாயிலும் எல்லாம் சேர்ந்து வரும்.

வெட்டியதைத் தட்டில் பரப்பி, மூடாமல் 20, 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்தப் படியைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சூடான கறியில் தயிர் பட்டால் தயிர் இளகி நீர் பிரியும். மூடி வைத்தால் ஆவி திரும்ப நீராகிக் கறிமேலேயே விழும். 500 கிராம் பச்சைக் கறி வெந்து ஆறும்போது 370 கிராம் அளவில் நிற்கும்.

வேகவைத்த தண்ணீர் நல்ல சூப். வடிகட்டி, நன்கு கொதிக்கவைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் குடிக்கலாம். உப்பு ஏற்கெனவே இருப்பதால் சுவை பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும்.

கொட்டைகளை வறுப்பது

பாதாமும் வேர்க்கடலையும் ஒன்றாக வறுபடாது. தனித்தனியாக, அடி கனமான வாணலியில், எண்ணெய் இல்லாமல், சிறுதீயில் வறுக்க வேண்டும். பாதாமுக்கு 7, 8 நிமிடம், வேர்க்கடலைக்கு 10 முதல் 12 நிமிடம். ஓவன் இருந்தால் 160 டிகிரியில் பாதாம் 8 முதல் 12 நிமிடத்தில் சீராக வறுபடும், வேர்க்கடலைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். இரண்டு முறையிலும் நிறம் முழுவதாக மாறுவதற்குக் கொஞ்சம் முன்பே தட்டில் கொட்டிவிடுங்கள். உள்ளிருக்கும் சூட்டில் அவை இன்னும் ஒரு நிமிடம் வறுபடும். சூடாக இருக்கும்போது மெத்தென்று இருந்தால் பதற வேண்டாம், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

வேர்க்கடலையை வறுக்கும் முன் பார்த்துப் பொறுக்குங்கள். சுருங்கியது, நிறம் கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். பூஞ்சணத்திலிருந்து வரும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. வறுத்ததைக் கையால் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கிவிட்டால் லேசான கசப்பும் போய்விடும். வால்நட் சேர்ப்பவர்கள் கடையில் வாங்கியதும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். அதில் கொழுப்பு அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். நல்ல வால்நட்டின் தோலில் இருக்கும் துவர்ப்பு வேறு, கெட்டுப்போன எண்ணெயின் காறல் வேறு. காறல் இருந்தால் வறுத்தாலும் மறையாது, முழுச் சாலட்டையும் கெடுத்துவிடும். வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்தால் நாள் தாங்கும்.

வறுத்தவை நன்றாக ஆறிய பிறகே ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும். பொடியாக்கிவிட்டால் தயிரில் கரைந்து மாவுபோல ஆகிவிடும்.

டிரெஸ்ஸிங்

கடுகுப் பொடியை ஒரு தேக்கரண்டி பச்சைத் தண்ணீரில் குழைத்து 10 நிமிடம் வையுங்கள். கடுகின் காரம் அதைப் பொடிக்கும்போதே வந்துவிடுவதில்லை. தண்ணீர் பட்ட பிறகு அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்தால்தான் வரும். வெந்நீரோ எலுமிச்சைச் சாறோ முதலிலேயே பட்டால் அந்த வேலை தடைப்பட்டு, காரம் வராமல் கசப்பு மட்டும் நிற்கும். கடையில் விற்கும் கடுகு பேஸ்ட் இருந்தால் ஒரு தேக்கரண்டி போதும், காத்திருக்க வேண்டியதில்லை.

பூண்டுக்கு இதற்கு நேர்மாறான முறை. எலுமிச்சைச் சாற்றில் பாதியை ஒரு கிண்ணத்தில் எடுத்து, பூண்டை அந்தச் சாற்றிலேயே நசுக்கி 5 நிமிடம் விடுங்கள். புளிப்பில் நசுங்கிய பூண்டில் நெடி அடங்கும். வெறுமனே நசுக்கித் தயிரில் போட்டால் மறுநாள் வரை வாயில் நிற்கும். அதே சாற்றில் வெங்காயத்தையும் ஊறவைத்துவிடலாம்.

வடிதயிரைக் கரண்டியால் கட்டியில்லாமல் அடித்து, கடுகு, தேன், உப்பு, மிளகு, சீரகம், எலுமிச்சைத் தோல் துருவல் சேர்த்துக் கலக்குங்கள். எண்ணெயை ஒரே தடவையில் ஊற்றாமல் நூலாக ஊற்றிக்கொண்டே அடித்தால் தயிரோடு கலந்து பளபளப்பாக வரும். ஆலிவ் எண்ணெய் என்றால் கையால்தான் அடிக்க வேண்டும், மிக்ஸியில் சுற்றினால் கசக்கும். மரச்செக்குக் கடலை எண்ணெய் வேர்க்கடலையோடு அழகாகச் சேர்கிறது. நல்லெண்ணெய் இதில் தன் வாசனையை மட்டும் முன்னால் நிறுத்துகிறது, தவிர்க்கலாம். தோல் துருவும்போது மஞ்சள் நிறத்தோடு நிறுத்துங்கள், அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசப்பு.

மீதிப் பாதி எலுமிச்சைச் சாறு கடைசியில். தயிரின் புளிப்பு நாளுக்கு நாள், வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் முதலில் அதில் முக்கால் பங்கு ஊற்றிச் சுவைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். தனியாகச் சுவைக்கும்போது டிரெஸ்ஸிங் உப்பிலும் புளிப்பிலும் ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். கறியும் பழமும் சேர்ந்ததும் அது சரியாக இறங்கிவிடும். தனியாகவே சாப்பிட ருசியாக இருந்தால் சாலட்டில் அது போதாது.

புளிப்பு அதிகமாகிவிட்டால் எல்லோரும் கை வைப்பது தேனில். ஆனால் இனிப்பு புளிப்பை மறைக்குமே தவிர குறைக்காது, ஏற்கெனவே பழத்தில் இனிப்பு இருப்பதால் கடைசியில் மிட்டாய் மாதிரி ஆகிவிடும். இன்னும் இரண்டு கரண்டி வடிதயிரும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்ப்பதுதான் சரியான வழி.

பழங்கள்: எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

பச்சை ஆப்பிளில் புளிப்பும் இறுக்கமும் உண்டு. சிவப்பு ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கில் நாளானால் உள்ளே மாவாக இருக்கும், அது சாலட்டில் குழைந்துவிடும். தோலோடு ஒரு செ.மீ. துண்டுகளாக்கி உடனே ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டால் ஆப்பிளிலுள்ள நொதி அதைப் பழுப்பாக்கும். அமிலம் அந்த நொதியை அடக்கும். உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பதும் பலன் தரும், ஆனால் அது ஆப்பிளுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

திராட்சையைக் கழுவி, காம்பு நீக்கி, துணியில் உருட்டி உலர்த்தி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி துணியில் 10 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். கம்பம் பன்னீர் திராட்சை வாசனையில் ஒப்பில்லாதது, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் தடித்த தோலும் விதையும் இருப்பதால் சாலட்டுக்கு ஒத்துவராது. அதை அப்படியே சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை.

மாதுளையை உதிர்த்ததும் துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். முன்னமே கலந்தால் தயிர் ரோஜா நிறமாகிவிடும் என்பதால் பரிமாறும்போது மேலே தூவுவதே நல்லது.

சித்திரை, வைகாசியில் ஆப்பிளை மறந்துவிட்டுக் கிளிமூக்கு மாங்காய் வாங்குங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஏராளமாக விளைகிற, பெங்களூரா என்றும் சொல்கிற அதே வகைதான். முழுக்காயும் இல்லாமல் பழமும் ஆகாமல் செங்காய்ப் பருவத்தில், அழுத்தினால் கொஞ்சமும் அமுங்காமல், உள்ளே வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். 150 கிராம் போட்டால் எலுமிச்சைச் சாற்றை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள். இந்தச் சாலட்டின் ஆகச் சிறந்த வடிவம் இதுதான். மாங்காயின் புளிப்பில் வாசனையும் கூடவே வருவதால் வேர்க்கடலையோடு சேரும்போது வேறு எந்தப் பழமும் கிட்டே வராது. செங்காய்ப் பருவத்துக் கொய்யாவும் நன்றாக இருக்கும், நடுவிலுள்ள விதைப்பகுதியை எடுத்துவிட்டு வெளிச்சதையை மட்டும் போட வேண்டும். ஆரஞ்சு, கமலா போட்டால் சுளையின் தோலை உரித்துவிட்டு, கலந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு பெரிய நெல்லிக்காயைத் துருவி டிரெஸ்ஸிங்கில் சேர்த்தால் புளிப்போடு துவர்ப்பும் கிடைக்கும்.

பச்சை அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றையும் அப்படியே போடக் கூடாது. அன்னாசியில் புரோமிலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அவை கறியின் மேற்பரப்பைக் கூழாக்கும், தயிரின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். கலந்த உடனே தெரியாது, ஒரு மணி நேரத்தில் கசப்பு தலைகாட்டும். அன்னாசி வேண்டும் என்றால் துண்டுகளைக் காய்ந்த தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் நன்றாகச் சுட்டு ஆறவைத்துப் போடலாம். உள்வரை சூடேறினால் நொதி செயலிழக்கும். டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது, அதில் இந்தச் சிக்கல் இல்லை. நட்சத்திரப் பழம் சிலர் போடுவதுண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்பதால் பலருக்குப் பரிமாறும் சாலட்டில் வேண்டவே வேண்டாம்.

வெள்ளரி, தக்காளியும் வேண்டாம், இரண்டும் தண்ணீர். நறுக்கென்று கடிபட நூக்கலே போதும். தோலைத் தடிமனாகச் சீவி, அரை செ.மீ. துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். அது அவ்வளவாக நீர் விடாது, மணமும் மென்மையானது.

கலப்பது

ஃபிரிட்ஜில் ஆறிய கறியின்மேல் டிரெஸ்ஸிங்கில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றிப் புரட்டி, மூடி, 20 நிமிடம் ஃபிரிட்ஜில் விடுங்கள். கறிக்குத் தானாகச் சுவை கிடையாது, உப்பும் புளிப்பும் ஏற அதற்கு நேரம் வேண்டும். பழத்துக்கு அது வேண்டாம். எனவே பழமும் நூக்கலும் இரண்டாவது சுற்றில், பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன்பு. வெங்காயத்தைச் சாற்றிலிருந்து பிழிந்து சேர்த்து, அந்தப் பூண்டுச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவை பார்த்து ஊற்றுங்கள். கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டினால் போதும், கிளற வேண்டாம்.

இப்போது ஒரு வாய் சுவையுங்கள். குளிர்ந்த உணவில் உப்பும் வாசனையும் மந்தமாகத் தெரியும் என்பதால் இந்தக் கடைசிச் சுவைபார்த்தல் முக்கியம். பெரும்பாலும் ஒரு சிட்டிகை உப்பு கேட்கும். எடுத்து வைத்த கால் பங்கு டிரெஸ்ஸிங்கை வறண்டதாகத் தோன்றினால் மட்டும் சேர்க்கவும். கறி கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்ட நாளில் இந்தக் கால் பங்குதான் காப்பாற்றும்.

தட்டில் எடுத்து வைத்த பிறகு புதினா, கொத்தமல்லி, மாதுளை. எல்லாவற்றுக்கும் மேல், கடைசிக் கடைசியாகக் கொட்டைகள். தயிருக்குள் போன பாதாம் 15 நிமிடத்தில் நமுத்துவிடும்.

கீழே வைக்க லெட்டூஸ் இல்லையென்றால் முட்டைகோஸின் உள் இலைகள் கிண்ணம் மாதிரி வளைந்து வரும், அதில் வைத்துக் கையால் எடுத்துச் சாப்பிடலாம். வாட்டிய ரொட்டி, சப்பாத்தி, கேழ்வரகு ரொட்டி எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 5 நிமிடம் கழித்துச் சாப்பிட்டால் வாசனை திறந்துகொள்ளும்.

நான்கில் ஒரு பங்கில் சுமார் 380 முதல் 400 கலோரியும் 35 கிராம் அளவு புரதமும் இருக்கும். கலோரியைக் குறைக்க நினைப்பவர்கள் கொட்டையைக் குறைக்காமல் எண்ணெயைக் குறைக்கலாம். சர்க்கரை நோயாளிகள் தேனை விட்டுவிட்டு, திராட்சைக்குப் பதில் கொய்யா போடலாம்.

தயிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு

கெட்டியாகக் கரைத்த புளி ஒரு மேசைக்கரண்டி, பொடித்த கருப்பட்டி ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இடித்த காய்ந்த மிளகாய் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. புளியையும் கருப்பட்டியையும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து மற்றவற்றோடு அடித்துக்கொள்ளுங்கள். இதற்குச் சுட்ட அன்னாசியும் வேர்க்கடலையும் சரியான ஜோடி, ஆப்பிள் எடுபடாது. இந்த டிரெஸ்ஸிங் நீர்த்ததாக இருப்பதால் ஊறவைக்காமல் கலந்தவுடன் பரிமாற வேண்டும்.

எவ்வளவு நேரம் வைக்கலாம்

கறியும் தயிரும் சேர்ந்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரம்தான் கணக்கு, நமக்கு ஆண்டில் பாதி நாள் அப்படித்தான். விருந்துக்கு வைத்தால் பெரிய தாம்பாளத்தில் ஐஸ் கட்டி பரப்பி அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். மிச்சத்தை மூடி, 4 டிகிரி அல்லது அதற்குக் குறைந்த குளிரில் 2 நாள் வைக்கலாம். ஃபிரீசரில் வைத்தால் தயிர் பிரிந்து, பழம் தொளதொளத்துவிடும்.

முன்கூட்டிச் செய்து வைக்க, கலந்த சாலட்டாக இல்லாமல் தனித்தனியாக வையுங்கள். வெந்த கறியும் டிரெஸ்ஸிங்கும் ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும், வறுத்த கொட்டை காற்றுப்புகாத டப்பாவில் 2 வாரம். பழம் மட்டும் அன்றன்றைக்கு நறுக்க வேண்டும். அலுவலகத்துக்குக் கொண்டுபோவதென்றால் டப்பாவின் அடியில் டிரெஸ்ஸிங்கோடு கறி, அதன்மேல் நூக்கல், மேலே ஆப்பிளும் திராட்சையும். கொட்டை தனிப் பொட்டலத்தில். ஐஸ் பேக் வைத்த பையில் போட்டு, போனதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

5 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குத் தரும்போது திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும், கொட்டைகளைப் பொடித்துத்தான் போட வேண்டும். இரண்டுமே தொண்டையில் அடைக்கக்கூடியவை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரக் கூடாது. விருந்தினருக்கு என்றால் வேர்க்கடலை, பாதாம் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உண்டென்றால் அவர்களுக்குக் கடலை எண்ணெயையும் விட்டுவிட்டு, கொட்டைக்குப் பதில் வறுத்த பூசணி விதையைத் தனி வாணலியில் வறுத்துப் போடலாம்.